124-க்கு ஏற்றிய விளக்கு

எங்கள் சந்தில் மலை தெரியாது. திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு மலை தெரியாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சின்னச் சந்து அது. முனையில் நான்கு மாடிக்கு ஒரு லாட்ஜ் எழும்பியது, அதோடு உள்ளே இருந்த ஒன்பது வீட்டு வாசலுக்கும் உச்சி மறைந்துபோனது. இப்போது மலை உச்சி தெரிவது ஒரே ஒரு மொட்டைமாடியிலிருந்துதான். அந்த வீட்டின் மாடிப் போர்ஷனில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார மாமி. அவருடைய கணவர் பெரிய கோயிலில் குருக்கள்.

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். அது தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்ற வேண்டும். முன்னால் ஏற்றினால் பெரிய குற்றம் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் யாரும் ஏற்றுவதில்லை. டிவியில் நேரலை வரும்தான். எங்கள் சந்து டிவியை நம்பாது. படம் சில நொடி தாமதமாக வரும் என்பது ஒரு காரணம், கேபிள்காரர் மேலுள்ள பழைய கோபம் இன்னொரு காரணம். அதனால் லாட்ஜ் வந்த நாளிலிருந்து ஓர் ஏற்பாடு. மாமி மொட்டைமாடியில் நின்று பார்த்து, "தெரிஞ்சுடுத்து!" என்று குரல் கொடுப்பார். கீழே ஒன்பது வாசலிலும் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

ஒரு வருஷம் தீபத்துக்குச் சில நாள் முன்பு மாமிக்குக் கண்புரை அறுவை நடந்தது. படியேறக் கூடாது, வெளிச்சம் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த வருஷம் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. அதை நான் எவ்வளவு அழகாகச் செய்தேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், அந்தச் சமயத்தில் என் தலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பெயர் உதவிப் பேராசிரியர், ஆனால் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஓர் உத்தரவு, நடுவில் சில நாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டு மறுபடி ஓர் உத்தரவு. இப்படியே ஒன்பது வருஷம் ஓடியிருந்தது. அந்த வருஷம் துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. பொங்கல் கழித்து நேர்காணல். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும், நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆய்வேடு முக்கால்வாசி முடிந்திருந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று கடிதமே வந்துவிட்டது. அந்த வேலை எனக்குத்தான் என்று கல்லூரி வாட்ச்மேன் வரைக்கும் பேச்சு.

என் ஆராய்ச்சி, இன்னும் இல்லாத பொருள்களைப் பற்றியது. இதை ஆசிரமத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் சொன்னபோது, அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னைக் கும்பிட்டேவிட்டார். விஷயம் அப்படி ஒன்றும் ஆன்மிகமானதில்லை. இதுவரை உலகத்தில் கண்டுபிடித்த தனிமங்கள் 118. அட்டவணையில் ஏழாவது வரிசை அதோடு நிரம்பிவிட்டது. அடுத்து வர வேண்டியது 119. அது வந்தால் எட்டாவது வரிசை தொடங்கும். இவை மண்ணைத் தோண்டினால் கிடைப்பவை அல்ல. ஒரு கனமான அணுவின் மேல் இன்னொரு அணுவை வேகமாக மோதவிட்டு, இரண்டும் ஒட்டிக்கொள்ளுமா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒட்டினாலும் ஓர் அணு, இரண்டு அணு. அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் உடைந்துபோகும். உடையும்போது அது உமிழும் துகளைப் பிடித்துத்தான், "வந்தது, போனது" என்று சொல்ல முடியும்.

பணமும் வருஷங்களும் இப்படிக் கரையும் வேலையில் எதைத் தேடுவது, எதை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே யாராவது கணக்குப் போட வேண்டும். உலகம் முழுக்க அதற்கென்று கொஞ்சம் பேர் இருக்கிறோம். எங்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கணினி போதும். அதனால்தான் திருவண்ணாமலையில் மாடிப் போர்ஷனில் உட்கார்ந்துகொண்டு என்னாலும் இதைச் செய்ய முடிந்தது.

நான் கணக்குப் போட்டது 120, 122, 124, 126 ஆகிய இரட்டைப்படை எண்களுக்கு. ஒற்றைப்படைகள் கொஞ்சம் முரடு. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதுதான் கேள்வி. 120-க்கு நொடியில் லட்சத்தில் சில பங்கு என்று வந்தது. எல்லோருக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வந்திருக்கிறது. 122 அதைவிட மோசம். 126-ஐப் பற்றி எங்கள் துறையில் பெரியவர்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே ஓர் ஆசை உண்டு, அது நிலையாக நிற்கும் என்று. என் கணக்கில் அதுவும் நிற்கவில்லை. ஆனால் 124, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத 124, சில நிமிடம் நின்றது.

சில நிமிடம் என்றால் இந்தத் துறையில் அது யுகம். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் தரையோடு ஒட்டிக் கிடக்க, 124 மட்டும் மேலே எழுந்து நின்றது. பார்த்த அன்று நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. ஒன்பது வருஷம் தற்காலிகமாக இருந்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

என் கணவருக்குக் கீழ்பென்னாத்தூரில் விதைக்கடை. நெல், மணிலாக் கடலை, காய்கறி விதை விற்கிறார். சாயங்காலம் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னா, உன் நூத்தி இருபத்தி நாலு முளைச்சிதா?"

"முளைச்சிட்டுது. நீங்க கை கால் கழுவிட்டு வாங்க."

ஊரெல்லாம் சொல்லிவைத்தவரும் அவர்தான். எதிர்வீட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு டிபன் செய்து கொடுக்கும் அக்கா இருக்கிறார். அவருக்கு 124 என்ற எண் என் குழந்தை மாதிரி ஆகிவிட்டது. "மேடம், உங்க நூத்தி இருபத்தி நாலு நல்லா கீதா?" என்று தோசை வார்த்தபடியே விசாரிப்பார்.

இனி தீபத்துக்கு வருகிறேன்.

அன்று காலையிலிருந்து மேகம். ஊருக்குள் பஸ் கிடையாது, சாலையெல்லாம் தடுப்பு, கிரிவலம் போகும் கூட்டம் எங்கள் சந்து முனைவரை பிதுங்கிக்கொண்டிருந்தது. ஐந்தேமுக்காலுக்கு நான் மாடிக்குப் போனேன். உச்சி முழுக்க மூடியிருந்தது. கீழே ஒன்பது வாசலிலும் கோலம், அகல், எண்ணெய், திரி, தீப்பெட்டியோடு பெண்கள். மாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மேகம் ஓரிடத்தில் விலகியது. அந்த விலகலில் ஒரு வெளிச்சம். மஞ்சளாக, சரியாக உச்சியில்.

"தெரிஞ்சிடுச்சு! தெரிஞ்சிடுச்சு!"

நான் கத்திய கத்தலுக்கு லாட்ஜ் ஜன்னல்களில் எல்லாம் தலைகள் தெரிந்தன. கீழே தீக்குச்சிகள் உரசின. ஒன்பது வாசலிலும் விளக்கு எரிந்தது. நான் கைகூப்பி, கண்ணை மூடித் திறந்தேன். உச்சியில் மேகம் மறுபடி மூடியிருந்தது. ஏதோ குறைந்தது. என்ன குறைந்தது என்று புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. சத்தம். தீபம் ஏறினால் கோயில் பக்கம் வாணவெடி வெடிக்கும்; அத்தனை லட்சம் தொண்டையிலிருந்தும் அரோகரா என்று ஒரே குரல் வரும். அது வரவில்லை. எங்கள் ஒன்பது வீட்டைத் தவிர ஊர் முழுக்க இருட்டிக்கொண்டு காத்திருந்தது.

நான் பார்த்தது யாரோ அடித்த டார்ச்சோ, டிவிக்காரர்களின் விளக்கோ, இன்றுவரை தெரியாது.

முதலில் வாயைத் திறந்தவர் டிபன் அக்காதான். "இன்னா மேடம், அண்ணாமலையாரே இன்னும் ரெடி ஆவல, நம்ம சந்து ரெடியாயிடுச்சா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. கடைசி வீட்டுப் பெண்மணி குனிந்து அகலை ஊதப் போனார். மாமிக்குக் கண் சரியாகத் தெரியாதே தவிர காது பாம்புக் காது.

"ஊதாதே! ஏத்தினத அணைக்கப்படாது. அது பாட்டுக்கு எரியட்டும். நிஜமானது வந்ததும் பக்கத்துல இன்னொண்ணு ஏத்துங்கோ."

எல்லோரும் அவசரமாக உள்ளே போய் இன்னோர் அகல் எடுத்துவந்தார்கள். ஐந்தாறு நிமிடம் நான் மாடியிலிருந்து இறங்கவில்லை, இறங்க முகமில்லை. பிறகு வெடி வெடித்தது. அரோகரா எழுந்தது. மேகத்துக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு வெளிச்சம் பரவி, மெல்லப் பிரகாசமாகி நின்றது. நான் எதுவும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டாவது விளக்குகளை ஏற்றினார்கள். சந்து முனையில் போன ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டு, இந்தத் தெருவில் ஜோடி விளக்குதான் வழக்கம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போனது.

கீழே வந்ததும் மாமி பொரி உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். கோபம் இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"வெடி கேட்டுதோ?"

"இல்ல மாமி."

"அரோகரா கேட்டுதோ?"

"இல்ல."

"ஒண்ணும் கேக்காம எப்படிடி கத்தினே?"

"ஆறு மணி ஆகப்போகுதே, அதான்னு நினைச்சேன் மாமி."

"அப்போ நீ மலையைப் பாக்கலே. கடியாரத்தைப் பாத்திருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. பொரி உருண்டையைத் தின்னாமல் மாடிக்குக் கொண்டுபோனேன்.

மலைத் தீபம் பதினோரு நாள் எரியும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். கட்டுரையின் கடைசித் திருத்தத்தை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அந்த வரைபடம் முன்னால் வந்தது. 124 எழுந்து நின்றது. மாமியின் குரல் காதில் கேட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன், கேட்கவில்லை. ஆனால் முதல்முறையாக அந்தப் புள்ளியைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆறு மணி ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்த வெளிச்சம் மாதிரியே அது இருந்தது. எனக்கு ஒரு கட்டுரை வேண்டியிருந்தது, கட்டுரைக்கு ஓர் எண் வேண்டியிருந்தது, எண் வந்தது.

ஒரு தனிமத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல ஒரு துகள் போதாது. அந்த அணு உடைந்து இரண்டு எண் கீழே இறங்க வேண்டும், அதுவும் உடைந்து இன்னும் இரண்டு எண் கீழே, இப்படியே படிப்படியாக இறங்கி நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் அணுவில் போய்ச் சேர வேண்டும். அந்தத் தொடர் முழுக்கத் தெரிந்தால்தான் நம்புவார்கள். முன்பு ஒரு பெரிய ஆய்வுக்கூடமே கண்டதாக அறிவித்துவிட்டுப் பிறகு வாபஸ் வாங்கியிருக்கிறது. வெடியும் கேட்க வேண்டும், அரோகராவும் கேட்க வேண்டும். இதை நானே வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன். ஊருக்கு உபதேசம்.

அணுவின் ஆயுளைக் கணிக்க நான் செய்தது கழித்தல் கணக்குதான். 124 உடைந்தால் 122 வரும். தாய் அணுவின் நிறையிலிருந்து மகள் அணுவின் நிறையையும் பறந்துபோகும் துகளின் நிறையையும் கழித்தால் மிச்சம் எவ்வளவு ஆற்றல் என்று தெரியும். ஆற்றல் ஜாஸ்தி என்றால் ஆயுள் கம்மி, ஆற்றல் கம்மி என்றால் ஆயுள் ஜாஸ்தி. அதில் ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலும் ஆயுள் கோடி மடங்கு மாறிவிடும். இந்த அணுக்களை யாரும் எடைபோட்டதில்லை என்பதால் நிறைகளையும் கோட்பாட்டிலிருந்து கணித்து அட்டவணையாக வெளியிட்டிருப்பார்கள். நான் எடுத்த அட்டவணை 122-ஓடு முடிந்துவிடும். அதற்கு மேலே வேறொரு குழுவின் அட்டவணையைச் சேர்த்துக்கொண்டேன்.

120-க்குத் தாயும் மகளும் முதல் அட்டவணையில். 122-க்கும் அப்படியே. 126-க்கு இரண்டும் இரண்டாவது அட்டவணையில். 124-க்கு மட்டும் தாய் ஓர் அட்டவணையில், மகள் இன்னொன்றில். கீழ்பென்னாத்தூர்ப் படியில் அளந்த நெல்லிலிருந்து திருவண்ணாமலைப் படியில் அளந்த நெல்லைக் கழித்திருக்கிறேன். மிச்சமாக வந்தது நெல் அல்ல, இரண்டு படிக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டையும் ஒரே அட்டவணையிலிருந்து எடுத்து மறுபடி ஓட்டினேன். பத்து நிமிட வேலை. 124 தரைக்கு வந்து மற்றவற்றோடு படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அன்று நான் யார் மேலெல்லாமோ எரிந்து விழுந்தேன்; பால் மேல் கூட.

என் வழிகாட்டி வேறோர் ஊரில் பேராசிரியர், நல்ல மனிதர், ஓய்வுபெறும் காலம் நெருங்கியிருந்தது. போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்மா, ரெண்டு டேபிளுமே உத்தேசம்தானே? எதுவும் சத்தியவாக்கு இல்லையே?"

"உத்தேசம்தான் சார். ஆனா ரெண்டையும் கலந்தது நான்."

"கீழ ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம்மா. இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் நிதானமா திருத்தம் அனுப்பிக்கலாம். நூத்தி இருபத்தி நாலை இந்த ஜென்மத்துல யாராவது செஞ்சு பாக்கப் போறாங்களா? யாரும்மா வந்து கேக்கப் போறா?"

இதுதான் என்னை ஆட்டிவைத்தது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 119-ஐயே இன்னும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 124-ஐ உண்டாக்க எந்த அணுவை எதன் மேல் மோதவிட வேண்டும் என்பது இன்று யாருக்கும் தெரியாது. என் பொய்யைப் பிடிக்க உலகத்தில் ஓர் இயந்திரம் இல்லை. நான் செத்து, என் பேரைச் சொல்ல ஆளில்லாமல் போன பிறகும் அது அப்படியே நிற்கலாம். இடையில் நான் நிரந்தரமாகிவிடுவேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட விதை வாங்கினு போறவன் முளைக்கலன்னா எட்டாம் நாள் வந்து சட்டையப் புடிப்பான். அந்த பயத்துலயே நான் யோக்கியனா கீறேன். உனக்கு அந்த பயமே இல்ல. சட்டையப் புடிக்க ஆளே கிடையாது."

"அதனால?"

"அதனால நீதான் புடிச்சிக்கணும். எனக்கு இன்னா தெரியும்? உன் இஷ்டம்."

இஷ்டம் என்று சொல்லிவிட்டு வேறு வழியே இல்லாமல் செய்துவிட்டார். அவர் மேலும் கோபம் வந்தது. மறுநாள் காலை ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். காரணத்தையும் அந்த நான்கு வரிக்குள் எழுதினேன். அனுப்பிய கையோடு குளியலறைக்குள் போய் அழுதேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது எவ்வளவு சரியான பழமொழி என்று அன்றுதான் தெரிந்தது. அதிலும் தட்டிவிட்டது என் கையே.

நேர்காணலில் கட்டுரை எங்கே, ஆய்வேடு எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்லூரி முதல்வர் வெளியே வந்து, "ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார், உண்மையான வருத்தத்தோடு. இடம் வேறொருவருக்குப் போனது. அவர் நல்ல ஆசிரியர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

எனக்கு மறுபடி பதினோரு மாத உத்தரவு. 124 படுத்துவிட்டதையும், அதனால் நான் அந்த இடத்தை விட்டதையும் என் கணவர் வழக்கம்போலச் சந்து முழுக்கச் சொல்லிவைத்தார். ஆய்வேட்டை அந்த வருஷம் முழுக்கத் திருப்பி எழுதினேன். ஒற்றைப்படை எண்களையும் சேர்த்துக்கொண்டேன். கடைசி அத்தியாயம், இல்லாதவற்றில் எவை கவனிக்கத் தகுந்தவை என்பது. முன்பு அதில் 124-க்கு ஆறு பக்கம் கொடுத்திருந்தேன். இப்போது நான் எழுதியது சுருக்கமானது, உப்புச் சப்பில்லாதது. கவனிக்க வேண்டியவை 119-உம் 120-உம். அவை ஆயுள் நீண்டவை என்பதால் இல்லை; கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன என்பதால். டைட்டானிய அணுக்களை மோதவிட்டு, ஏற்கெனவே தெரிந்த ஒரு கனமான தனிமத்தை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். எண்ணி இரண்டே அணுக்கள். ஆனால் வழி இருக்கிறது என்று அது சொல்கிறது. 119 வந்தால் எட்டாவது வரிசை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் நிச்சயமாகும். அது சோடியம், பொட்டாசியம் இருக்கும் பத்தியில் வந்து உட்கார வேண்டும். அவற்றைப் போல நடந்துகொள்ளுமா என்பது பெரிய சந்தேகம், ஏனென்றால் இவ்வளவு கனமான அணுவில் எலெக்ட்ரான்கள் ஓடும் வேகத்துக்குப் பழைய குடும்பப் பழக்கங்கள் நிற்பதில்லை. 120-ஐப் பிடித்தால், அந்தப் பக்கம் நிலையான பிரதேசம் இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடும் கோட்பாடுகளில் பாதி வாயை மூடும். 126 தொலைவில் இருக்கிறது; ஆசைப்படலாம், திட்டம் போட முடியாது. நடுவில் உள்ளவற்றைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாது என்று எழுத ஒரு வரி போதும். அந்த வரியை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆனது.

பழைய வரைபடத்தை நான் நீக்கவில்லை. 124 எழுந்து நிற்கும் தப்பான படத்தை இடது பக்கமும், படுத்துக் கிடக்கும் சரியான படத்தை வலது பக்கமும் வைத்து, கீழே எப்படித் தவறு நேர்ந்தது என்று எழுதினேன். வழிகாட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆய்வேட்டுல யாராவது தப்பைச் சேத்து பைண்டிங் பண்ணுவாங்களாம்மா?"

"ஏத்தினத அணைக்கக் கூடாதாம் சார். பக்கத்துல இன்னொண்ணு ஏத்தணுமாம்."

"யாரு சொன்னது?"

"எங்க வீட்டுக்கார மாமி."

அவர் கையெழுத்துப் போட்டார். என்னோடு வாதாடி அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த தீபம் வந்தது. மாமிக்குக் கண் நன்றாகிவிட்டது, கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் மூன்று வீடு தள்ளியிருந்து கண்டுபிடிப்பார். அதனால் மாடிக்கு அவர்தான் போவார் என்று நிம்மதியாக வாசலில் அகல் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு மாமி என்னைப் பார்த்தார்.

"இன்னும் இங்க என்ன பண்றே? மேல போ."

"நானா? மாமி, போன வருஷம்..."

"போன வருஷம் எனக்குத் தெரியாதா? போ."

போனேன். வானம் சுத்தமாக இருந்தது, உச்சியில் ஆட்கள் நடமாடுவது கூட எறும்பு மாதிரி தெரிந்தது. இரண்டு முறை ஏதோ மின்னியது; நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு மணிக்குச் சுடர் எழுந்தது. வெடி வெடித்தது. அரோகரா என்று ஊரே எழுந்தது. லாட்ஜில் இருந்தவர்கள் கூடக் கத்தினார்கள். டிவியிலும் வந்துவிட்டது, யார் வீட்டிலிருந்தோ சத்தம் கேட்டது. நான் கீழே பார்த்தேன். ஊர் முழுக்க விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் சந்து மட்டும் இருட்டாக இருந்தது. ஒன்பது வாசலிலும் பெண்கள் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், வெடியெல்லாம் போட்டுட்டான்!" டிபன் அக்கா கீழிருந்து கத்தினார். "சொல்லுங்க மேடம். நீங்க சொல்லாம ஏத்த மாட்டோம்."

உச்சியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தேன்.

"தெரிஞ்சிடுச்சு."

தீக்குச்சிகள் உரசின. மேலிருந்து பார்த்தபோது ஒவ்வொரு வாசலிலும் இரண்டு சுடர் தெரிந்தது. கண்ணில் நீர் நின்றதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டுதான். எல்லா வாசலிலும் இரண்டிரண்டு.

கீழே இறங்கி வந்ததும் டிபன் அக்காவிடம் இது என்ன என்று கேட்டேன். அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு அண்ணாமலையாருக்கு. இன்னொண்ணு உங்க நூத்தி இருபத்தி நாலுக்கு. பாவம், அது இன்னா பண்ணும்?"

எங்கள் மாடிப் போர்ஷனுக்கு என்று வைத்த அகல்கள் மட்டும்தான் இன்னும் ஏற்றாமல் இருந்தன. மாமி தீப்பெட்டியை நீட்டினார். நானும் இரண்டு ஏற்றினேன்.